சேலத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு, ஒரு கொலுசுப் பட்டறையிலிருந்து பதில்

கேள்வி: வேலை மாற்றலாகி சேலம் வந்து மூன்று மாதம் ஆகிறது. தூசி, வெயில், நெரிசல் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. "இது எப்படி இங்கே?" என்று உங்களை நிற்க வைத்த விசித்திரமான, அழகான கலை எதையாவது இந்த ஊரில் எதேச்சையாகக் கண்டிருக்கிறீர்களா?

கண்டிருக்கிறேன். கேள்வியில் "தவிர வேறு எதையும்" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அது சுருக்கென்று தைத்தது. அதனால்தான் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஐந்து ரோட்டுப் பக்கம் வாடகைக்கு வீடு, காலையில் ஆபீஸ், ராத்திரி ஓட்டல் சாப்பாடு. சனி ஞாயிறு வந்தால் கூட வேலை செய்பவர்கள் "ஏற்காடு போய்ட்டு வாங்க" என்பார்கள். நீங்களும் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, படகுக்கு வரிசையில் நின்று, மிளகாய் பஜ்ஜி தின்று, இறங்கி வந்திருப்பீர்கள். வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு ஒன்று நிற்கும். எத்தனை படம் எடுத்த இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும், இல்லாவிட்டால் வண்டி பாட்டுக்குத் தாண்டிப் போய்விடும். ஏற்காட்டை நான் குறை சொல்லவில்லை, என் அண்ணி ஊர் அது. ஆனால் நீங்கள் கேட்டது வேறு.

நாங்கள் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். பெரிய பட்டறை இல்லை. வீட்டு முன்கட்டில் என் கணவர், ஒரு பையன், நான், மூன்று பேர்தான். பெண்கள் வெறுமனே முத்து கட்டுவதோடு சரி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. கம்பி இழுப்பது தவிர எல்லாம் செய்வேன், பதினாறு வயதிலிருந்து ஊதுகுழல் பிடிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் சாமானைக் கொலுசுக்காரியாகத்தான் பார்த்தேன், பக்தையாகவோ படித்தவளாகவோ இல்லை.

என் மாமியாருக்கு அவர் அப்பா வழியில் தாரமங்கலம் பக்கம் கொஞ்சம் நிலம் வந்தது. அந்தப் பத்திரத்தில் அத்தை பெயரில் இருந்த "ழ" "ல" ஆகிவிட்டது. ஒரே ஓர் எழுத்து. அதைத் திருத்த நாங்கள் ஓர் அரசு அலுவலகத்துக்கு ஐந்து முறை அலைந்தோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், அங்கே நல்லவர்களும் இருந்தார்கள். முதல் முறை போனபோது ஆதார் நகல் போதாது என்றார்கள். இரண்டாம் முறை அதிகாரி லீவு. மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் ஆதாரிலேயே "ழ"வுக்குப் பதில் "ள" இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பத்திரத்தில் ஒரு ல, அட்டையில் ஒரு ள, வாயில் மட்டும் ழ. "நான் எழுபது வருசமா இந்தப் பேருலதான் இருக்கேன் சாமி, நீங்கதான் மாத்தி மாத்தி எழுதுறீங்க" என்று அத்தை சொன்னார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை.

நான்காம் முறை போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அத்தைக்கு இலவச பஸ்ஸில்தான் போக வேண்டும். காசு கேட்கும் பஸ் இரண்டு போன பிறகும் நாற்பது நிமிஷம் நின்று, இரும்பாலை வழியாகப் போகும் டவுன் பஸ்ஸைப் பிடித்தோம். போய்ச் சேர்ந்தால் சர்வர் வேலை செய்யவில்லை. "பன்னண்டு மணிக்கு மேல வாங்க" என்றார்கள். மணி அப்போது பத்தரை. வெயில் தலையைப் பிளந்தது. அத்தைக்கு முழங்கால் வலி. "கோயிலுக்குள்ள போய் நிழல்ல உக்காரலாம் கண்ணு" என்றார்.

இங்கேதான் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் ஊரறிந்த கோயில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருஷா வருஷம் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள், இதில் நீ என்ன புதிதாகக் கண்டாய் என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். நானும் சின்ன வயதில் போயிருக்கிறேன். கும்பிட்டு, பிரசாதம் வாங்கி, திரும்பி வந்திருக்கிறேன். பார்த்தது அந்தச் செவ்வாய்க்கிழமைதான். ஒன்றரை மணி நேரம் எங்கும் போக முடியாமல் உட்கார வைத்ததால் பார்த்தேன்.

சேலத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மேற்குப் பார்த்த கோயில். மாசி மாதத்தில் மூன்று நாள் சாயங்காலம் சூரிய வெளிச்சம் உள்ளே போய் லிங்கத்தின் மேல் விழும் என்று கூட்டம் கூடும். மதுரை நாயக்கர்கள் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட கட்டி முதலிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டியது, 16, 17ஆம் நூற்றாண்டு வேலை. தூணும் கூரையும் கருங்கல்.

தூண் ஓரமாக அத்தையை உட்கார வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன். கூரையில் தாமரை, இதழைச் சுற்றிக் கிளிகள். அப்புறம் கண்ணில் பட்டது சங்கிலி. கல்லில் செய்த சங்கிலி. வளையத்துக்குள் வளையமாகக் கோத்துத் தொங்குகிறது.

எனக்கு உடனே ஒன்றுதான் தோன்றியது. பற்று எங்கே?

புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளியில் சங்கிலி செய்ய வேண்டுமென்றால் கம்பியைச் சுருளாகச் சுற்றி வெட்டுவோம். வெட்டியதும் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு வாய் இருக்கும், சின்னப் பிளவு. அந்த வாய் வழியாகத்தான் அடுத்த வளையத்தை மாட்ட முடியும். மாட்டி, வாயை நெருக்கி மூடி, வெங்காரத்தோடு பொடி வைத்து ஊத வேண்டும். அப்படி ஊதி ஒட்டிய இடம்தான் பற்று. பொடி என்பது வெள்ளியோடு பித்தளை கலந்து அராவியது. சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும் என்று பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் சொல்வான். பொடி அதற்கு முன்பே உருகி வாய்க்குள் ஓடிவிட வேண்டும். ஒரு மூச்சு அதிகம் ஊதினால் வளையமே உருண்டு மணியாகிவிடும். மூச்சு குறைந்தால் பற்றாது, இரண்டாம் மாதம் கொலுசு அறுந்து கடைக்குத் திரும்பி வரும். "பொடி வெச்சுப் பேசாதே" என்று ஊரில் சொல்கிறார்களே, அது எங்கள் பட்டறையிலிருந்து போன பேச்சு என்று அப்பா சொல்வார்.

எந்தக் கொலுசைக் கொடுத்தாலும் பற்று எங்கே இருக்கிறது என்று கண்ணாடி இல்லாமலே காட்டுவேன். வெள்ளை வெள்ளியில் லேசாக ஒரு மஞ்சள் நிழல் தெரியும். முப்பது வருஷப் பழக்கம், தானாகவே கண் அங்கேதான் போகும். அன்றைக்குக் கல் சங்கிலியைக் கீழிருந்து ஒரு பக்கம் பார்த்தேன், சுற்றி வந்து மறுபக்கம் பார்த்தேன். எட்டாத உயரம். போன் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு வளையமாகப் பார்த்தேன். பற்று இல்லை. இருக்கவும் முடியாது. கல்லை எதை வைத்து ஊதுவது? வாய் இல்லாத வளையம் இன்னொரு வாய் இல்லாத வளையத்துக்குள் எப்படிப் போனது?

போகவே இல்லை. அங்கேயே பிறந்தது. நீளமான ஒரே கல்லை எடுத்து, கூட்டல் குறி மாதிரி நான்கு பக்கமும் விளிம்பு வரும்படி செதுக்க வேண்டும். நின்ற விளிம்பில் ஒரு வளையம், படுத்த விளிம்பில் அடுத்தது, மறுபடி நின்றது. பிறகு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் கல்லை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுக்க வேண்டும். கடைசித் துணுக்கு விழுகிற வரைக்கும் அது சங்கிலி இல்லை, வெறும் கல். ஆறாவது வளையம் உடைந்தால் முன்னால் செய்த ஐந்தும் வீண்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்றால், எங்கள் தொழிலில் தப்புக்கு மன்னிப்பு உண்டு. கெட்டுப்போனால் மூசையில் போட்டு உருக்கினால் மறுபடி வெள்ளி. பட்டறையைக் கூட்டிய குப்பையைக்கூட விலை கொடுத்து வாங்கிப் போவார்கள், அதில் வெள்ளித்தூள் இருக்கும். கல்லில் அப்படி ஒரு வழி கிடையாது. உளி ஒரு நெல் அளவு தப்பினால் போனது போனதுதான். அந்தப் பயத்தோடு ஒருவர் எத்தனை மாதம் தூங்கி எழுந்து வேலைக்கு வந்திருப்பார்!

அத்தை தூணோரம் உட்கார்ந்தபடியே "என்ன கண்ணு, சங்கிலிய எடை போடுறியா?" என்று கேட்டார். அவரையும் கைபிடித்து எழுப்பிக் கூட்டிப் போனேன். சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கிறது. விரலை விட்டுத் தள்ளினால் உருளும், வெளியே வராது. பல்லின் இடுக்கு வழியாகவே உளியை விட்டு உள்ளே உருண்டையைச் செதுக்கியிருக்கிறார்கள். அத்தை விரலை விட்டார், உருட்டினார், எடுக்கப் பார்த்தார், மறுபடி உருட்டினார். "கொழந்தைக்கு வாயில முட்டாய் மாட்டுன மாதிரி இருக்கு" என்றார். நான்கு பயணத்தில் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

பிறகு வாலி தூண். ஒரு தூணில் ராமர் வில்லோடு நிற்கிறார். அங்கே நின்று பார்த்தால் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுவது தெரிகிறது. வாலி இருக்கும் தூணுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். மறைந்திருந்து அம்பு விட்டது கதையில் வரும். அதைத் தூண் நிறுத்திய கணக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள். சிலையை அழகாகச் செய்வது ஒரு திறமை. இன்னொருவர் எங்கே நின்று எதைப் பார்ப்பார் என்று முன்கூட்டியே அளந்து கல்லை நடுவது வேறு திறமை. நான் இரண்டு தூணுக்கும் நடுவில் நான்கைந்து தரம் நடந்தேன்.

அத்தை வாலி பக்கம் நின்று ராமரைத் தேடிவிட்டு, "நம்ம ஆபீஸ் ஜன்னல் மாதிரியே இருக்கு. அவங்களுக்கு நாம தெரியறோம், நமக்கு அவங்க தெரியல" என்றார். அவர் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நானும் சிரிக்கவில்லை. எழுபது வயதில் ஓர் எழுத்துக்காக அலைகிற மனுஷிக்கு அந்தத் தூண் அப்படித்தான் தெரிந்தது. சிற்பம் படித்தவர்கள் இதைவிடச் சரியாக விளக்குவார்கள் என்றும் நான் நினைக்கவில்லை.

கோயிலைக் கலை என்று சொல்வது தப்பு, அது சாமி இருக்கும் இடம் என்று ஒருவர் கருத்துப் பெட்டியில் எழுதுவார். எனக்கும் சாமி உண்டு. விளக்குப் போடாமல் பட்டறையில் அடுப்புப் பற்றவைத்தது கிடையாது. ஆனால் சங்கிலியைச் செய்தது ஒரு மனிதர்தான், கூலிக்கு வேலை செய்த மனிதர். அதைச் சொன்னால் சாமிக்கு எந்தக் குறையும் வராது.

அந்தக் கூலிக்காரர் பேரும் எனக்குத் தெரியாது, யாரைக் கேட்டும் தெரியவில்லை. கட்டிய தலைவர்கள் பேர் எல்லாருக்கும் தெரிகிறது. இந்த இடத்தில் என் சொந்த ஆற்றாமை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும்.

ஒரு கல்யாணத்துக்கு நகை எடுக்க வேறு ஊரில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தோம். விற்பனைப் பையன் ஒரு கொலுசை எடுத்து விரித்து, "இது ராஜ்கோட் டிசைன் மேடம், நம்ம பக்கம் இந்த ஃபினிஷிங் வராது" என்றான். கையில் வாங்கிப் பார்த்தேன். என் கொலுசு. எப்படித் தெரியும் என்றால், முத்து மாட்டும் வளையத்தை நான் வாய் உள்பக்கம் வரும்படி மூடுவேன். அப்போதுதான் புடவை நூல் மாட்டாது. என் அம்மா சொல்லிக்கொடுத்தது. அவசரத்தில் செய்பவர்கள் வெளிப்பக்கம் விட்டுவிடுவார்கள். அதில் இருந்த ஒவ்வொரு முத்தும் உள்பக்கம் மூடியிருந்தது. "இது சேலத்துல செஞ்சது தம்பி" என்றேன். அவன் ஏதோ விலை குறைக்கப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளி விலை எங்கேயோ போய்விட்டது. விலை ஏற ஏற மெல்லிசான கொலுசாகக் கேட்கிறார்கள். மெல்லிசுக்குத்தான் வேலை அதிகம், பற்று சின்னது, கண் எரியும். கூலி மட்டும் எடைக்குத்தான் போடுகிறார்கள். கனம் குறைந்தால் கூலியும் குறைகிறது. இதை ஒருநாள் யாராவது பேசுவார்கள் என்று பார்க்கிறேன். எழுதியாகிவிட்டது, போகட்டும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஆடி மாதம் இங்கே இருந்தால் தவறவிடாதீர்கள். குகை மாரியம்மன் காளியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும். ஒரு காலத்தில் மாட்டு வண்டி, இப்போது லாரி. அலங்கரித்த வண்டியில் ஆண்கள் சிவனாக, பார்வதியாக, முருகனாக வேஷம் கட்டி வருவார்கள். ஒரு வருஷம் எங்களுக்குப் பாலிஷ் போட்டுக் கொடுக்கும் அண்ணன் அம்மன் வேஷம் போட்டார். கொலுசு எங்களிடம் கேட்டார். சாதாரணமாகப் பத்து, பத்தரை அங்குலம் செய்வோம், அவர் காலுக்குப் பன்னிரண்டு வேண்டியிருந்தது. ஒரே ராத்திரியில் செய்து கொடுத்தோம். வண்டி எங்களைத் தாண்டிப் போகும்போது மஞ்சள் முகமும் கிரீடமுமாக அவர் இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். தினமும் மோட்டார் முன்னால் கரி முகத்தோடு பார்க்கிற ஆள். பக்கத்தில் நின்ற பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் கை தானாகக் குவிந்தது. பாதத்தைப் பார்த்தேன், கொலுசு சரியாகப் படிந்திருந்தது.

தாரமங்கலத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பிப் போனோம். சர்வர் வந்திருந்தது, ஆனால் பிரிண்டரில் மை இல்லை. ஐந்தாவது முறை போய்த்தான் வேலை முடிந்தது. இப்போது அத்தைக்கு எல்லாவற்றிலும் "ழ" இருக்கிறது. அந்தக் காகிதத்தை வாங்கியதும் அவர் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பவில்லை, நேராகக் கோயிலுக்கு நடந்தார். நான் சங்கிலியைப் பார்த்தேன், அவர் சிங்கத்தின் வாயில் விரலை விட்டு உருட்டிக்கொண்டிருந்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் காலையிலேயே போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். உருண்டையை மெதுவாகத் தள்ளுங்கள். அதற்குள் காசு போடாதீர்கள், சிலர் போடுகிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. துணி துவைக்கும் நீள சோப்புக் கட்டி ஒன்றை எடுத்து, அரத்தின் முனையாலும் பிளேடாலும் கூட்டல் குறி மாதிரி செதுக்க ஆரம்பித்தேன். கல்லே இல்லை, சோப்பு. முதல் கட்டி இரண்டாவது வளையத்தில் உடைந்தது. அடுத்த வாரம் இன்னொன்று எடுத்தேன், அதுவும் உடைந்தது. மூன்றாவதில் மூன்று வளையம் முழுசாக வந்தது. ஒன்றோடொன்று கோத்து, தனித்தனியாக ஆடியது. நான்காவதின் இடுக்கைக் குடையும்போது விண்டுவிட்டது. அந்த மூன்றையும் பட்டறை அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நான்காவது கட்டி வாங்கியாகிவிட்டது, ஆர்டர் குறைவாக இருக்கும் வாரத்துக்காகக் காத்திருக்கிறேன்.